ஏழில் ஐந்து, எட்டில் நான்கு

பிப்ரவரி 4, புதன். காலை 5.40. 212 பந்து.

பனி. பந்தெல்லாம் நனைந்து கனம். கோல்ஃப் மட்டை வாரியாக: ஏழாம் நம்பர் அயர்ன் 90, வெட்ஜ் 80, டிரைவர் 42. அதற்கு முன் அடித்த நாற்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை; கை சூடாகாத அடி, பாதி சறுக்கல். வலையில் போட்ட சுண்ணாம்பு வட்டத்துக்குள் பட்டவை 131. போன வாரம் 118.

வலை தொய்ந்துவிட்டது. வலை என்று சொல்வது பேச்சுக்கு. போன வருடம் ஐந்தாம் மிஷினில் கெட்டுப்போன இன்டர்லாக் துணி, நாலு மடிப்பு. அப்பாவின் நிட்டிங் யூனிட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் பைப் சட்டத்தில் தொங்குகிறது. சட்டம் ஆறுமுகம் அண்ணனின் வெல்டிங். இனி ஆ. அண்ணன் என்று மட்டும் எழுதுவேன், பேர் நீளம். பதினொரு வருடமாக எங்கள் நிட்டிங் மிஷின்களுக்கு ஃபிட்டர். அடுத்த வாரப் போட்டியில் எனக்கு கேடி, அதாவது மட்டைப் பை சுமந்து தரை பார்த்துச் சொல்கிறவர். மிஷின் ஃபிட்டரை கேடியாகக் கூட்டிப்போகிற கோல்ஃப்காரன் நாட்டில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். ஆனால் சமமில்லாத தரையை அவரைப்போல் யாரும் பார்ப்பதில்லை. மிஷின் சிலிண்டரை மட்டம் வைத்தே பழகிய கண்.

9 மணி. சாயப்பட்டறைக்குப் போன வண்டி திரும்பி வந்தது. 42 ரோல். சீட்டில் ஒரே வரி: நீடில் லைன். ஒரு ஊசியின் முனை உடைந்தால் போதும், துணி நீளத்துக்கும் கோடு விழும். சாயம் ஏறினால் இன்னும் பளிச். நான் பாஸ் செய்த லாட்.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல்.

"எத்தன ரோல் பாத்த கண்ணு?"

"பத்து சதம்ங்கப்பா. நாலு ரோலு. நாலும் சுத்தமா இருந்துச்சுங்க."

"மீதி முப்பத்தெட்டு?"

"உலகம் பூரா அப்படித்தானுங்க பாக்கறாங்க. அதுக்குப் படிப்பு இருக்குதுங்க, புள்ளியியல்."

"உலகம் பாக்கறது இருக்கட்டும். ஊடு தேடி வந்தது நாப்பத்திரண்டு."

டீ குடிக்கப் போய்விட்டார். என் பதில் சரி. பத்து சதம் என்பது என் சோம்பேறித்தனம் இல்லை, தொழில்முறை. ஆனால் 42 ரோலும் சுவரோரம் நிற்கின்றன. எதில் கோடு, எதில் இல்லை, தெரியாது. முழுக்கப் பிரித்து லைட் போட்டுப் பார்க்க மூன்று நாள் ஆகும். சனிக்கிழமை பெங்களூர் போட்டிக்குக் கிளம்புகிறேன். டீ குடித்து வந்த அப்பாவிடம் "வந்து பாக்கறேனுங்க" என்றேன்.


பிப்ரவரி 6, வெள்ளி. மதியம்.

வெயில் ஏறிவிட்டது. 180 பந்தோடு நிறுத்தம். இடது கட்டைவிரல் தோல் உரிந்திருக்கிறது. டேப்.

பையில் வைத்தது: மட்டை 14 (மூன்று முறை எண்ணினேன், பதினைந்து இருந்தால் தண்டனை), பந்து 3 டஜன், கையுறை 4, குடை, டேப், அம்மா கொடுத்த முறுக்கு டப்பா (வேண்டாம் என்றேன், உள்ளே இருக்கிறது).

சேவூரில் கல்யாணம். அரை மணி நேரம் தலைகாட்டினேன். பெரிய மாமா பந்தியில் எல்லார் காதிலும் விழ:

"ஏனுங் மாப்ள, டெக்ஸ்டைல் இஞ்சினியரிங் படிச்சுப்போட்டு இன்னும் குழிக்குண்டுதான் ஆடறீங்களாமா?"

"ஆமாங்க மாமா. குண்டு கொஞ்சம் பெருசு."

"பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றதுங்க?"

"குழிக்குண்டுன்னே சொல்லுங்க."

பக்கத்து இலைக்காரர் புரையேறித் தண்ணீர் கேட்டார். மாமா அதற்குப் பிறகு பாயசத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மறக்காமல் எழுதி வைக்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லக்கூடாது. போன ஆடியில் சாப்பிடும்போது கோபத்தில் சொன்னது: "தை முடியறதுக்குள்ள டூர் கார்டு வாங்கலீன்னா மட்டையப் பரண்ல போட்டுட்டு யூனிட்டுக்கு வந்தர்றேனுங்க." யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அப்பா "சரி கண்ணு" என்று ரசம் ஊற்றிக்கொண்டார். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

தை கடைசி நாள் 12, வியாழன். கார்டுக்கான தகுதிப் போட்டியின் கடைசிச் சுற்றும் அன்றுதான். நாலு நாள், நாலு சுற்று. முதல் முப்பது பேருக்குக் கார்டு. கார்டு இருந்தால் ஒரு வருடம் எல்லாப் போட்டியிலும் ஆடலாம். இல்லாவிட்டால் போன இரண்டு வருடம் மாதிரி வாசலில் நின்று யாராவது வராமல் போனால் இடம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரன் ஆனபின் ஆடிய போட்டி 11. பாதியில் வெளியேறாமல் கடைசிவரை நின்றது 3.

போதாது. தெரியும்.


பிப்ரவரி 7, சனி. பேருந்தில்.

அவிநாசியில் ஏறினோம். பையைப் பார்த்துக் கண்டக்டர்: "என்னங்க இது, கடப்பாரையா?"

ஆ. அண்ணன்: "ஆமா சார், பெங்களூர்ல கெணறு வெட்டப் போறோம்." அப்புறம் என்னிடம்: "பதினெட்டுக் குழி தம்பி. பொய்யா சொன்னேன்?"

சேலம் தாண்டியதும் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் இல்லை.

ஏழு வருடம் ஆகிறது இது ஆரம்பித்து. இரண்டாமாண்டு விடுமுறை, பெருமாநல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிரெய்னி. துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் கோல்ஃப் ஆட வேண்டும் என்றார். வண்டியில் கூடப் போக ஆள் இல்லை, என்னை அனுப்பினார்கள். பை தூக்கினேன். ஒன்பதாவது குழியில் "நீயும் ஒன்று அடி" என்றார். நேராகப் போயிற்று. இன்னொன்று என்றார். அதுவும் நேர். மூன்றாவது மரத்தில். அவர் சிரித்துவிட்டு மறந்துபோனார். நான் மறக்கவில்லை. ஒரே கை, ஒரே மட்டை, ஒரே பந்து. மூன்றாவது மட்டும் ஏன் மரத்துக்குப் போயிற்று? அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். இன்னும் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை.

பூரணி அழைத்தாள். என் தங்கை, ஏற்றுமதி கம்பெனியில் அளவுப் பட்டியல் சரிபார்க்கிற வேலை. அரை சென்டிமீட்டர் கூடினாலும் பீஸைத் திருப்பி அனுப்புகிற ராட்சசி. அப்பாவின் போனில் போட்டியின் ஸ்கோர் வரும்படி செய்து கொடுத்திருக்கிறாள். பேச்சுக்கு நடுவே அவள் அப்பாவுக்குப் பாடம் நடத்துவது கேட்டது:

"பார்ன்னா ஸ்டாண்டர்டுங்கப்பா. அந்தக் குழிக்கு நாலு அடின்னா நாலு. ஒண்ணு கொறஞ்சா பேர்டி, எண்ணச் சுத்தி வட்டம் வரும். ஒண்ணு கூடுனா போகி, சதுரம்."

அப்பா: "கொறஞ்சா நல்லதா?"

"ஆமாங்க."

"நம்ம தொழில்ல எது கொறஞ்சாலும் திட்டுத்தான்."


பிப்ரவரி 9, திங்கள். முதல் சுற்று. 71.

காலை 7.10 ஆட்டம். குளிர், விரல் மரத்துப்போயிற்று. பார் 72. ஒன்று குறைவு. இடம் 22.

நல்லது: டிரைவர். 14 அடியில் 11 புல்தரைக்குள்.
கெட்டது: 13-ஆம் குழி, ஒரு மீட்டர் தூரத்தில் பட்டிங் (குழிக்குள் உருட்டித் தள்ளும் அடி), தவறவிட்டேன். அவசரம்.

ஆ. அண்ணன் கிரீனில், குழியைச் சுற்றிய வழவழப்பான புல்லில், ஷூவைக் கழற்றிவிட்டு நடக்கக் கூடாதா என்று கேட்டார். கூடாது என்றேன். ஷூவோடு நடந்துவிட்டு, "வலக்கைப் பக்கம் அரை ஷிம் சாயுது தம்பி. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்" என்றார். (ஷிம்: மிஷினை மட்டம் வைக்க அடியில் செருகும் மெல்லிய தகடு.) கண் சொன்ன நேர்க்கோட்டை விட்டுவிட்டு அவர் சொன்ன கோட்டில் தள்ளினேன். விழுந்தது. மறுபடி 16-இலும் அப்படியே. மற்ற கேடிகள் கையில் புத்தகம், அளவு வரைபடம். இவர் சட்டைப்பையில் திருகாணி மட்டும்.

சாப்பாட்டுக்கு நல்ல ரசம் கிடைக்கவில்லை. முறுக்கு.


பிப்ரவரி 10, செவ்வாய். இரண்டாம் சுற்று. 74.

காற்று. என் மேலேயே கோபம். 5-ஆம் குழியில் மரத்துக்குப் பின்னால் கிடந்த பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்திருக்க வேண்டும். இடைவெளி வழியாக அடித்தேன். மரம். மறுபடி இடைவெளி. மறுபடி மரம். மொத்தம் ஆறு அடி.

"என்னத்துக்குத் தம்பி இவ்ளோ வெரசா அடிக்கீங்க? பந்து எங்கயும் ஓடிராது. அது பாட்டுக்கு அங்கதான கெடக்கு."

அடுத்த இரண்டு குழி ஆ. அண்ணனிடம் பேசவில்லை. 9-இல் அவரே முறுக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு சுற்றும் சேர்த்து 145. இடம் 27. பாதிப் பேர் இன்று வீட்டுக்கு. நான் நிற்கிறேன்.

சாயங்காலம் மூன்று மணி நேரம் வெட்ஜ் மட்டும். எண்ணவில்லை. கட்டைவிரல் டேப்பில் ரத்தம்.

நாளை 71 அல்லது அதற்குக் கீழே. வேறு பேச்சில்லை.


பிப்ரவரி 11, புதன். மதியம் 1.50. மூன்றாம் சுற்று. 70!

வானம் துடைத்த மாதிரி. காற்று இல்லை.

மூன்று பேர்டி: 2, 8, 15. ஒரே போகி: 7. மொத்தம் 215, பாருக்கு ஒன்று குறைவு. இடம் 14. நாளை கொஞ்சம் சொதப்பினாலும் முப்பதுக்குள் நிற்கலாம். சொதப்பப் போவதில்லை.

எழுதி வைக்க வேண்டியது, ஏழும் எட்டும். ஏழாவது, பார் நாலு. இரண்டாவது அடி மணல் குழியில். வெளியே வர ஒன்று, பட்டிங் இரண்டு. ஐந்து. பழைய ஆளாக இருந்தால் எட்டாவதில் வெறியோடு அடித்திருப்பேன். ஆ. அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். கட்டி முடிக்கவே இல்லை. புரிந்தது. நின்றேன். எட்டாவது, பார் ஐந்து. டிரைவர் நேர், நீளம். இரண்டாவது கிரீனுக்குக் கொஞ்சம் முன்னால். சிறு தூக்கலாக ஒரு சிப், ஒரு பட்டிங். நான்கு. இந்த வருடத்தின் சிறந்த குழி.

கூட ஆடியவன் சண்டிகர் பையன் ஹர்மன். என் ஸ்கோரை அவன் எழுதுவான், அவனுடையதை நான். எட்டாவதில் அவன் பந்து புதரில் போய்த் தேடிக்கொண்டிருந்தோம், ஏழையும் எட்டையும் எழுத மறந்துவிட்டான். ஒன்பதாவதை ஆரம்பிக்கும் இடத்தில் கேட்டான், "செவன், எய்ட்?" என் கையில் டிரைவர், மனசெல்லாம் அடுத்த அடி. "ரெண்டும் சேர்த்து ஒன்பது" என்றேன். தலையாட்டி எழுதினான்.

அட்டை கொடுக்கும் கூடாரத்தில் ஹர்மன் பத்து நிமிடம் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தான். எனக்கு இரண்டு நிமிடம். கூட்டினேன், 35, 35, 70. மூன்று குழி எடுத்து ஒத்துப் பார்த்தேன்: 3, 11, 17. சரி. கையெழுத்து. வெளியே.

டீ. இங்கே டீ என்ற பெயரில் தருவது வேறு ஏதோ.


அதே நாள். 4.35.

எழுத்து கோணல்.

பூரணி அழைத்தாள், நாலு மணிக்கு. ஒரே கத்தல்.

"அண்ணா! போகியே இல்லாத ரவுண்டு! அப்பா போனை எடுத்து ஆபீஸ்ல எல்லாத்துக்கும் காட்டீட்டு இருக்கறாருங்க!"

"போகி ஒண்ணு இருக்கு பூரணி. ஏழுல."

"இல்லீங்ணா. ஒரு சதுரமும் இல்ல. வட்டம் ரெண்டு. ரெண்டு, பதினஞ்சு."

"மூணு வட்டம். எட்டுல பேர்டி."

"எட்டுல அஞ்சுன்னு போட்ருக்குங்க. ஏழுல நாலு. பார், பார்." அளவுப் பட்டியல் பார்க்கிறவளின் குரல் வந்துவிட்டது. "அண்ணா... நீங்க சொல்றதக் கூட்டுனாலும் எழுவதுதான் வருது. ஆனா அட்டையில வேறயா இருக்குது."

ஹர்மனைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் சேர்த்து ஒன்பது என்றால் எவனும் நாலு, ஐந்து என்றுதான் எழுதுவான். அதுதான் ஸ்டாண்டர்டு. நான் அடித்தது ஐந்து, நாலு. சொன்னது மொத்தம்.

விதி (மனப்பாடம், இருந்தும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்): ஒரு குழிக்கு அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் நீக்கம். மொத்தத்தைக் கூட்டுவது அவர்கள் வேலை. ஒவ்வொரு குழியின் எண்ணும் என் வேலை. ஏழாவதில் ஐந்து அடித்தேன், நாலுக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன். எட்டாவதில் ஒன்று கூடுதலாக இருப்பது இதைச் சரி செய்யாது.

தெரிந்தவர்கள்: நான், பூரணி, இப்போது ஆ. அண்ணன்.

அவர் நிழலில் உட்கார்ந்து மட்டை துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"மொத்தம் சரிதான தம்பி?"

"சரிதான்."

"ஒரு அடி கூட களவாங்கலையே?"

"இல்ல."

"அப்ப எவன் பாக்கப் போறான்? அந்தப் பயலுக்கே ஞாபகம் இருக்காது."

"அண்ணே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஏழுல எத்தன?"

துணியை மடித்தார். விரித்தார். "அஞ்சு" என்றார். "மணல்ல கெடந்துச்சு."

பத்து நிமிடம் உட்கார்ந்தேன். உள்ளதை எழுதுகிறேன்: சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். முழுசாக நினைத்தேன். நாளைக்கு ஆடுகிறேன், கார்டு, வீட்டுக்குப் போகிறேன், அப்பா போனை எல்லாருக்கும் காட்டுகிறார். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்த நாலை நினைத்தேன். ஆட்டக்காரனாக எத்தனை வருடம் இருந்தாலும் ஏழாவதில் நாலு என்று என் கையெழுத்து இருக்கும். நான் அடிக்காத நாலு. எட்டாவதில் அடித்த நான்கு எங்கேயும் இருக்காது. இந்த வருடத்தின் சிறந்த குழி, காகிதத்தில் சாதாரண ஐந்து.

எரிச்சல்தான் எழுப்பியது, நேர்மை இல்லை. அப்படி எழுதுவதே சரி.

போகிறேன்.


5.20.

முடிந்தது.

விதி அதிகாரி அறுபது வயது அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அட்டையை எடுத்தார். மொத்தம் சரியாக இருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன். யாராவது புகார் சொன்னார்களா? இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது? என் தங்கை வட்டத்தை எண்ணினாள். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உட்கார்" என்றார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழ மாட்டேன். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பி, எனக்குத் தெரிந்த அதே வரியை எனக்கே படித்துக் காட்டினார். பெயருக்கு எதிரே DQ என்று இரண்டு எழுத்து எழுதினார்; நீக்கம்.

ஹர்மன் ஓடி வந்தான். "பாய், மேரி கல்தி, என் தப்பு" என்று அழும் நிலையில். "நீ கேட்டது சரி. நான் சொன்னது தப்பு. ரெண்டு குழிக்கு ஒரு எண் சொன்னேன்" என்றேன். அவனுக்குப் புரிகிற இந்தியில் அதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று. நாளை அவனுக்கு 8.20 ஆட்டம். போய்த் தூங்கு என்றேன்.

ஆ. அண்ணன் பையைக் கட்டி வைத்திருந்தார். "பஸ்ஸுக்கு முன்னால எங்கயாச்சும் நல்ல ரசம் கெடைக்கான்னு பாப்போம்" என்றார்.

பூரணிக்கு ஒரு வரி அனுப்பினேன். பதில்: "நான் எண்ணாமயே இருந்திருக்கலாம்." இல்லை பூரணி. பதினெட்டையும் பார்த்தவள் நீ ஒருத்திதான்.


பிப்ரவரி 13, வெள்ளி. மாசி 1. காலை.

நேற்று முழுக்கப் படுத்தே இருந்தேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்கோர் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதாவது இடம் முடிந்தது 290-இல். எனக்கு 75 போதுமாக இருந்திருக்கும். 75. கட்டைவிரல் இல்லாமலே அடிப்பேன். ஹர்மனுக்குக் கார்டு, 26-ஆவது. வாழ்த்து அனுப்பினேன். மனசார அனுப்பினேனா என்றால் பாதி.

இன்று 7.30-க்கு யூனிட்டுக்குப் போனேன். சொன்ன சொல். பரணில் போடுவதற்காகப் பையையும் எடுத்துப் போனேன். யூனிட் பரண்தான் பெரியது.

அப்பா ஐந்தாம் மிஷின் பக்கம், காதில் பஞ்சு. மிஷின் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

"வா கண்ணு. சாப்புட்டயா?"

"கார்டு கெடைக்கலீங்கப்பா."

"அது தெரியும். சாப்புட்டயான்னு கேட்டேன்."

"இல்லீங்க."

மிஷினை நிறுத்தினார். சத்தம் பாதியாயிற்று. பக்கத்து மிஷின் ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

"ஆராச்சும் கேட்டாங்களா உன்ன?"

"இல்லீங்க."

"நீயாப் போயிச் சொன்னயா?"

"ஆமாங்க."

பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "பதினெட்டுல எத்தன பாத்துட்டுக் கையெழுத்துப் போட்ட?"

"...மூணுங்க."

"பரவால்லயே. பத்து சதத்துக்கு மேலயே பாத்துருக்கற."

இரண்டு நாளாக யாரும் என்னை அடிக்கவில்லையே என்று இருந்தது. இது போதும். புள்ளியியல் துணிக்குச் சரி. கையெழுத்துப் போடுகிறவனுக்குச் சரி இல்லை. எழுதவே எரிகிறது.

"சொன்னது சொன்னதுதானுங்கப்பா. மட்டையப் பரண்ல போட்டர்றேன்."

அப்பா பரணைப் பார்த்தார். பையைப் பார்த்தார். சுவரோரம் நிற்கும் 42 ரோலைப் பார்த்தார். ஒன்பது நாளாக அங்கேயே நிற்கின்றன. ஒருத்தரும் தொடவில்லை, அப்பா தொடவிடவில்லை என்று ஆ. அண்ணன் பிறகு சொன்னார்.

"லாட்டு ரிஜெக்ட் ஆனா என்ன பண்ணுவோம்?"

"நூறு சதம் செக் பண்ணி, கெட்டதப் பிரிச்சு, மறுக்கா இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்டுவோமுங்க."

"எத்தன தரம் காட்டலாம்?"

"ஒருக்காத்தானுங்க. அதுலயும் போச்சுன்னா கழிவுதான்."

"அப்பறம் எங்கிட்ட வந்து என்ன கேக்கற? அடுத்த தை வரைக்கும் அந்த ஒருக்கா. நீ சொன்ன தேதி இல்ல, இது நான் சொல்றது." பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டார். மிஷினைப் போடப் போனவர் திரும்பி, "அதுக்கு முன்னால செவத்தோரம் நிக்கறத முடி. பையத் துணிக்கு மேல வெச்சுராத, கறையாகும்."

கேன்டீனில் நாலு இட்லி. இல்லை, ஆறு.

ஆ. அண்ணன் பரணுக்கு ஏணி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றிருந்தார். திருப்பி எடுத்துப்போகச் சொன்னேன். "மறுபடியும் தூக்கணுமா?" என்று முனகிக்கொண்டே தூக்கினார். சிரிப்பை மறைக்கத் தெரியாத மனுஷன்.

8.50. இனி:

1. 42 ரோல். எல்லாம். முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை, லைட் போட்டு. இன்று, நாளை, ஞாயிறு. வேறு ஆள் கிடையாது, நானே.

2. அந்த லாட்டை ஓட்டிய ஐந்தாம் மிஷின்: உடைந்த ஊசி ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னவன் நான். ஆ. அண்ணனோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஊசியையும் எடுத்துப் பார்ப்பது.

3. பந்து 5.30 முதல் 7.30. யூனிட் 8 முதல் 5. ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போடுவது கிடையாது.

4. ஒவ்வொரு குழி முடிந்ததும் அங்கேயே நின்று எண்ணை வாயால் சொல்வது. ஒரு குழிக்கு ஒரு எண். சேர்த்துச் சொல்வது இனி இல்லை.

5. அட்டை: பதினெட்டும். விரல் வைத்து. பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

6. பெரிய மாமா கேட்டால்: குழிக்குண்டு, இன்னும் ஒரு வருடம்.

7. அடிக்கும் முதல் நாற்பது பந்தும் இனிக் கணக்கில் சேரும். சறுக்கலும் சேரும். நாளைக் காலை 252.